ஊரைப் பார்க்காதீர்கள், துறையைப் பாருங்கள்: சிறு ஊர்க் கல்லூரி பற்றிய தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டின் பல வீடுகளில் நடப்பது ஒரே பேச்சுதான். "எந்தக் காலேஜ்ல போட்டிருக்கீங்க?" என்று கேட்கும் உறவினர், பக்கத்து டவுன் கல்லூரியின் பெயரைச் சொன்னதும், "ஏன், கோயம்புத்தூர், திருச்சிப் பக்கம் கிடைக்கலையா?" என்பார். அதே திண்ணையில் இன்னொருவர், "வீட்டுச் சோத்தைச் சாப்பிட்டுட்டுப் போய்ட்டு வரட்டும், பிள்ளையைத் தூரமா அனுப்பாதீங்க" என்பார். இருவரும் அந்தக் கல்லூரிக்குள் ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டார்கள். பதினேழு வயதுப் பிள்ளையின் அடுத்த மூன்று ஆண்டுகள், பார்க்காதவர்கள் சொல்லும் இந்த இரண்டு கருத்துகளுக்கு நடுவே முடிவாகிவிடுகின்றன.

சிறு ஊர்க் கல்லூரியை மட்டம் தட்டும் நம்பிக்கைகளும் உண்டு, தூக்கிப் பிடிக்கும் நம்பிக்கைகளும் உண்டு. இரண்டுமே பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கின்றன. தாலுகா தலைநகரங்களிலும் பேரூராட்சிகளிலும் இயங்கும் கலை அறிவியல் கல்லூரிகளை மனதில் வைத்து, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: "அந்தக் காலேஜ் டிகிரிக்கு மதிப்பே கிடையாது"

உண்மை: பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். திருச்சி மாநகரின் நடுவில் இருக்கும் கல்லூரியும், டெல்டாவில் வயல்களுக்கு நடுவே இருக்கும் கல்லூரியும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்றால், இரண்டின் பட்டச் சான்றிதழையும் அந்தப் பல்கலைக்கழகமே தருகிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளில் பாடத்திட்டமும் வினாத்தாளும்கூடப் பல்கலைக்கழகத்துடையவை. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வும் நடத்துகின்றன, ஆனால் அங்கும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகளோ, யூபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வோ, வங்கி அதிகாரி தேர்வோ, அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருக்கிறதா என்றுதான் கேட்கின்றன. கல்லூரி எந்த ஊரில் இருந்தது என்று கேட்பதில்லை.

கவலைப்பட வேண்டியது படிப்பின் பெயரைப் பற்றித்தான். சேர்க்கையைக் கூட்டுவதற்காகச் சில கல்லூரிகள் பழைய பாடத்துக்குப் புதுப் பெயர் சூட்டித் தொடங்கும். பின்னால் ஆசிரியர் வேலைக்கோ வேறு அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, அந்தப் பட்டம் உரிய பட்டத்துக்கு இணையானதல்ல என்று தள்ளிவிடுவார்கள். பட்டங்களின் இணைத்தன்மை பற்றி அரசு தனியாக ஆணைகள் வெளியிட்டே வருகிறது. கேள்விப்படாத பெயரில் ஒரு படிப்பு இருந்தால், அது எந்தப் பட்டத்துக்கு இணை என்று எழுத்தில் கேளுங்கள். செவிலியர், பார்மசி, பி.எட்., சட்டம் போன்றவற்றுக்குப் பல்கலைக்கழக இணைப்பு மட்டும் போதாது, உரிய கவுன்சிலின் அங்கீகாரமும் வேண்டும். டவுன் பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் "நர்சிங் டிரெயினிங்" என்று பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பணம் கட்டுவதற்கு முன் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

நம்பிக்கை 2: "நல்ல கல்லூரி என்றால் பெரிய ஊரில்தான் இருக்கும்"

உண்மை: தமிழ்நாட்டின் உயர்கல்வி வரலாறு இதை ஒப்புக்கொள்ளாது. வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி 1919-இல் தொடங்கியது. அதிராம்பட்டினத்தில் காதர் முகைதீன் கல்லூரி 1955-இலும், தஞ்சை மாவட்டத்துப் பூண்டியில் புஷ்பம் கல்லூரி 1956-இலும் வந்தன. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் கல்லூரியும் அதே 1956-இல் வந்ததுதான். பட்டணத்துக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் நிலமும் பணமும் கொடுத்து எழுப்பியவை இத்தகைய கல்லூரிகள்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947-இல் கல்லூரி தொடங்கினார். அதோடு நிற்காமல் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அதனால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் அந்த ஊரில் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தில் வேதியியல் படிக்கும் மாணவர் சைக்கிளில் போய்ச் சேரும் தூரத்தில் தேசிய ஆய்வகம் ஒன்று இருக்கிறது.

ஆனால் நிறுவியவரின் பெருமை இன்றைய வகுப்பறையின் நிலையைச் சொல்லாது. கல்லூரிகளை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச்சான்றும் அப்படித்தான். ஏ பிளஸ் பிளஸ் என்றாலும் பி என்றாலும் அது மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரப்படும் மதிப்பீடு. ஒரே வளாகத்தில் தாவரவியல் துறை பிரமாதமாகவும் கணினித் துறை ஆளில்லாமலும் இருக்கலாம். பிள்ளை நாள் முழுக்க உட்காரப்போவது ஒரு துறையில்தான் என்பதால், விசாரணையும் அந்தத் துறையைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

நம்பிக்கை 3: "அங்கே வாத்தியாரே இருக்க மாட்டார்" / "சின்னக் கல்லூரி, தனிக் கவனம் கிடைக்கும்"

உண்மை: எதிரெதிரான இந்த இரண்டும் சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் பல காலியாக உள்ளன. பாடங்களின் பெரும்பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள் தாங்கி நிற்கிறார்கள். இவர்களில் முனைவர் பட்டமும், கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட், செட் தகுதியும் பெற்றவர்கள் நிறையப் பேர். மாதம் 25,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம் மட்டும் சம்பளம் பெற்றுக்கொண்டு, நிரந்தரப் பேராசிரியருக்குக் குறையாமல் பாடம் நடத்துபவர்களைப் பல ஊர்களில் பார்க்கலாம். அவர்களை அப்படி வைத்திருப்பது நியாயமில்லை. அதன் விளைவு மாணவரையும் தொடுகிறது: வேறு வேலை கிடைத்ததும் ஆசிரியர் போய்விடுவார், பாதி செமஸ்டரில் வகுப்பு நின்றுவிடும்.

சுயநிதிக் கல்லூரியில் நிலைமை வேறு மாதிரி. வகுப்பில் இருபது பேர்தான் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இருபது பேரின் கட்டணத்தில் எத்தனை ஆசிரியரை வைக்க முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும். மூன்று ஆண்டு மாணவர்களுக்கும் சேர்த்து மூன்றே ஆசிரியர்கள் இருக்கும் துறையில் தனிக் கவனத்துக்கு நேரமே இருக்காது.

இதைக் கண்டறிய நேரில் போவதே வழி. கல்லூரி நடக்கும் நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அந்தத் துறையின் இரண்டாமாண்டு மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன செமஸ்டர்ல எத்தனை யூனிட் முடிச்சாங்க?" ஒரு பாடத்துக்குப் பொதுவாக ஐந்து யூனிட். ஐந்தும் முடிந்தது என்று யோசிக்காமல் பதில் வந்தால் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது. "மூணு முடிச்சாங்க, மீதியை நாங்களே பார்த்துக்கிட்டோம்" என்றால் அதுவும் தெளிவான பதில்தான்.

வேதியியல் ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள். ஸ்டாண்டில் மாட்டிய பியூரெட்டை ஒரு மாணவர் தன் கையால் திறந்து மூடுகிறாரா, அல்லது ஐந்தாறு பேர் சுற்றி நிற்க ஒருவர் மட்டும் செய்கிறாரா? மேசையில் அமிலக் கறை இருந்தால் நல்லது, அங்கே வேலை நடக்கிறது. பிறகு நூலகத்துக்குப் போய் உங்கள் பாடப்பிரிவின் அடுக்கிலிருந்து நாலைந்து புத்தகங்களை எடுத்து, ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். கடைசி முத்திரை இந்த ஆண்டுடையதா, பத்தாண்டுக்கு முந்தையதா என்பதிலிருந்து அங்கே யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை 4: "சிட்டியில் படித்தால்தான் வேலை"

உண்மை: இதில் பாதி சரி. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் ஒரே நாளில் அதிகம் பேரைப் பார்க்க விரும்புகின்றன. அதனால் பெரிய நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்குத்தான் முதலில் போகின்றன. படித்துக்கொண்டே இன்டர்ன்ஷிப் செய்வதும் சென்னையிலும் கோவையிலும்தான் எளிது. பட்டம் முடித்த கையோடு தனியார் நிறுவன வேலை வேண்டும் என்பவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

மீதிப் பாதி வேறு. பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுக்கும் ஐடி நிறுவனங்களின் திட்டங்களுக்கு வளாகத்துக்கு வெளியிலிருந்தும் விண்ணப்பிக்க வாய்ப்புகள் வருகின்றன. அங்கே முதலில் பார்க்கப்படுவது பத்தாம் வகுப்பிலிருந்து வந்த மதிப்பெண் சதவீதமும், அரியர் இருக்கிறதா என்பதும்தான். அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் சிறு ஊர்க் கல்லூரிகளுக்கும் வருகின்றன. யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராகத் தேர்வு வைத்து 1,000 பேரைத் தெரிவு செய்து, பத்து மாதங்களுக்கு மாதம் 7,500 ரூபாய் தருவதும் இத்திட்டத்தில் ஒன்று.

"நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்ற பேனரை நம்பாதீர்கள், அது கிராமத்தில் இருந்தாலும் நகரத்தில் இருந்தாலும் சரி. நூறு சதவீதம் என்பது வேலை வேண்டும் என்று பெயர் கொடுத்தவர்களில் நூறு சதவீதமாக இருக்கலாம். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பித்த கல்லூரி, தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், ஆசிரியர்கள் யார் யார், அவர்களின் தகுதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பேனரை விட்டுவிட்டு அந்த அட்டவணையைப் பாருங்கள்.

நம்பிக்கை 5: "பக்கத்து ஊர்க் கல்லூரி என்றால் செலவே இல்லை"

உண்மை: அரசுக் கல்லூரி என்றால் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே கற்பிப்புக் கட்டணம் கிடையாது, தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகள்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 செப்டம்பர் முதல் கிடைக்கிறது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் சேர்வார்கள். மூன்று ஆண்டுக்கு இது 36,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

சுயநிதிக் கல்லூரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சேர்க்கையின்போது சொல்லும் கட்டணத்தோடு பேருந்துக் கட்டணம், சீருடை, "ஸ்கில் கோர்ஸ்" என்று ஒவ்வொன்றாக ஏறும். மூன்று ஆண்டுக்கான மொத்தத் தொகையை ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். கல்லூரிப் பேருந்துக்கு மட்டும் கட்டும் பணம் சில இடங்களில் நகரத்து விடுதிச் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

பணத்தில் வராத செலவு ஒன்று உண்டு. அது நேரம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாளைக்கு மூன்று மணி நேரம். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று கொண்டால் ஆண்டுக்கு 540 மணி நேரம் பேருந்தில் போகிறது. அதற்கு மேல், காலை 7.45 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது 9.15-க்கு என்ற ஊரில், முதல் வகுப்பு அடிக்கடி போகும். பொதுவாக 75 சதவீத வருகைப்பதிவு இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். வருகை குறைந்து, அபராதம் கட்டி, அதற்கும் கீழே போய்த் தேர்வே எழுத முடியாமல் நிற்கும் பிள்ளைகளில் பலர் சோம்பேறிகள் அல்ல, பஸ் கிடைக்காதவர்கள். அரசு கட்டணமில்லா பாஸ் தரலாம், பாஸைக் காட்ட பஸ் வர வேண்டுமே. சேர்வதற்கு முன் கல்லூரி நேரத்தையும் பஸ் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

நம்பிக்கை 6: "பெண் பிள்ளைக்குப் பக்கத்துக் கல்லூரிதான் பாதுகாப்பு"

உண்மை: பக்கத்தில் கல்லூரி இருந்ததால்தான் தமிழ்நாட்டில் எண்ணற்ற பெண்கள் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகளானார்கள். இதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். இந்த இடைவெளிக்கு ஊர் ஊருக்கு இருக்கும் கல்லூரிகளும் ஒரு காரணம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் பெரிய உதவி.

ஆனால் "பக்கம்" என்பதும் "பாதுகாப்பு" என்பதும் ஒன்றல்ல. இரண்டாம் ஷிப்ட் முடிந்து, இருட்டும் நேரத்தில், விளக்கில்லாத நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்திருப்பது பாதுகாப்பில்லை. கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால் மாதவிடாய் நாட்களில் கல்லூரிக்கே வராமல் இருப்பதும் பாதுகாப்பில்லை. பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2015 விதிமுறைகள் சொல்கின்றன. அந்தக் குழு உறுப்பினர்களின் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகனுக்குக் கல்லூரியைத் தரம் பார்த்துத் தேடிவிட்டு, மகளுக்கு மட்டும் தூரம் பார்த்துத் தேடாதீர்கள். அவள் கேட்கும் பாடம் பக்கத்துக் கல்லூரியில் இல்லையென்றால், அந்தப் பாடம் இருக்கும் ஊரில் அரசு விடுதி உண்டா என்று விசாரிப்பதுதான் பெற்றவர்கள் செய்ய வேண்டியது. இயற்பியல் கேட்டவளை, இருக்கிறது என்பதற்காக வேறொன்றில் சேர்ப்பது மூன்று ஆண்டுகளோடு முடியும் விஷயம் அல்ல.

நம்பிக்கை 7: "தமிழ்வழியில் படித்தால் எதிர்காலமே இல்லை"

உண்மை: சிறு ஊர் அரசுக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழி வகுப்புகள் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010 சட்டத்தில் வந்தது. பட்டம் கேட்கும் பதவிகளுக்குப் பள்ளி முதல் பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020 திருத்தம் சொல்கிறது. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, குரூப் 1, குரூப் 2 தேர்வுகளை மனதில் வைத்திருப்பவர், கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறினால் இந்த ஒதுக்கீட்டை இழக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு மாற வேண்டும்.

ஆராய்ச்சிக்கோ வெளிமாநிலப் படிப்புக்கோ போக நினைப்பவருக்கு ஆங்கிலம் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆங்கிலம் எந்த வழியில் படித்தாலும் பகுதி இரண்டு பாடமாகப் பட்டப்படிப்பில் இருக்கிறது. அதைப் பாஸ் மார்க்குக்கான பாடமாக நினைக்காமல், தன் துறைப் புத்தகத்தில் தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர் சிறு ஊரில் இருந்துகொண்டே தேறிவிடுவார். அதற்கு ஒரு நல்ல ஆங்கில ஆசிரியர் அங்கே இருக்கிறாரா என்று கேட்பதும் உங்கள் விசாரணையில் சேரட்டும்.

நம்பிக்கை 8: "அங்கே சேர்ந்தால் அதோடு முடிந்தது"

உண்மை: இளநிலைப் பட்டத்தோடு கதவு எதுவும் மூடுவதில்லை. பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர் ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலை க்யூட் தேர்வு இருக்கிறது. இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், நாகர்கோவில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் முடித்த பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.க்கும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்துக்கும் போனார். இஸ்ரோ விஞ்ஞானியாக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பி.யூ.சி. படித்தது பொள்ளாச்சியில்.

இந்தப் பெயர்களைக் காட்டி, எல்லாரும் அப்படி வரலாம் என்று சொல்வது நேர்மையாகாது. அதே வகுப்புகளில் உட்கார்ந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் ஒரு கல்லூரியை எடைபோட வேண்டும். வழி இருக்கிறது என்பதற்கு மட்டுமே இவர்கள் சான்று. அந்த வழி இருப்பதை மாணவரிடம் சொல்ல ஒரு ஆசிரியராவது துறையில் இருக்க வேண்டும். "உங்க டிபார்ட்மென்ட்ல இருந்து போன வருஷம் யாராவது ஜாம் எழுதினாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு சரிவரவில்லை என்று தெரிந்தாலும் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்றும், எந்தத் தேதிக்குள் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்றும் யூஜிசி 2018-இல் அறிவித்திருக்கிறது. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள்.

அப்படியானால் எப்படி முடிவு எடுப்பது?

பிள்ளை கேட்கும் பாடம் அங்கே இருந்து, ஐந்து யூனிட்டும் நடந்து, பஸ் நேரம் ஒத்துவந்தால், சிறு ஊர்க் கல்லூரியில் தைரியமாகச் சேருங்கள். போட்டித் தேர்வுக்கோ மேற்படிப்புக்கோ குறிவைத்திருப்பவருக்கு, கடன் இல்லாமல் முடிக்கும் மூன்று ஆண்டுகள் பெரிய பலம். மீதமாகும் பணம் முதுநிலைக்கு உதவும்.

துறையில் ஆசிரியர் இல்லை, ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது, படிப்பின் பெயர் புதிராக இருக்கிறது என்றால், வீட்டு வாசலில் இருந்தாலும் வேண்டாம். முடித்த கையோடு தனியார் வேலைதான் இலக்கு என்றால், விடுதிச் செலவைத் தாங்க முடிகிறதா என்று பார்த்து நகரத்தை யோசியுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கிப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போய்வாருங்கள். கேள்விகளைப் பிள்ளையே கேட்கட்டும். தன் கண்ணால் பார்த்து, தன் வாயால் கேட்டு எடுத்த முடிவு என்றால், கஷ்டம் வரும்போதும் அந்தப் பிள்ளை அதைத் தன் முடிவாகத் தாங்கிக்கொள்ளும். "எந்தக் காலேஜ்?" என்று கேட்பவருக்கும் தயங்காமல் பதில் சொல்லும்.